கப்பலில் வந்த விருந்துகாரி

மட்டாஞ்சேரி,
1961 அக்டோபர்

என் செல்லத் தங்கைக்கு,

இங்கே மழை விடவில்லை. அரிசிக் கிடங்கில் உட்கார்ந்து என் ஆராய்ச்சிக்கு வண்டு பொறுக்குகிறேன். கண் எரிகிறது, வேறொன்றுமில்லை.

கப்பல் கோதுமையோடு ஒரு சிவப்பு வண்டு வந்திருக்கிறது. மூட்டை தூக்குகிறவர்கள், "விருந்துகாரி வந்தாச்சு, சேச்சி," என்று சிரிக்கிறார்கள். முழு அரிசியைத் துளைக்க அதனால் முடியாது. நம்மூர்க் கூன்வண்டு போட்ட ஓட்டை வழியாகத்தான் உள்ளே போகிறது. போனதும் கூன்வண்டின் முட்டைகளையே தின்கிறது.

நான் இங்கே வந்துவிட்டால் உன் அத்திம்பேருக்கு யார் சமைத்துப் போடுவார்கள் என்று, பாலக்காட்டு வீட்டில் உன்னைக் கொண்டுவந்து விட்டவள் நான்தான்.

ஓணத்துக்கு வந்தபோது உன்னிடம் காபி கேட்டேன். "இரு அக்கா, அவருக்குக் குடுத்துட்டு வரேன்," என்றாய். என் கல்யாண நாளிலிருந்து உன் வாயில் அவர் அத்திம்பேர்தான். அன்று வெறும் அவர். நீ கவனிக்கவில்லை. அவர் கவனித்தார், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

தீபாவளிக்கு நான் வரவில்லை. அம்மா வருவாள். கேட்டால், அக்காவுக்கு ஆராய்ச்சி முடியவில்லை என்று சொல்.

அம்மா அங்கே இருக்கும்வரை மட்டும் அவரை அத்திம்பேர் என்றே கூப்பிடு.

இன்னும்
உன் அக்கா