கொள்ளுக் கஞ்சிப் பக்கம்

மாமா,

தங்கை பவானியின் வளைகாப்புக்குச் சிதம்பரம் போகிறேன். சாயங்காலம் வந்துவிடுவேன்.

நான்கு நாட்களுக்கு முன் நீங்கள் வாங்கிவந்த, உடல் இளைக்க வழி சொல்லும் பத்திரிகையை இன்றுதான் தொட்டேன். "நல்ல நல்ல சமையல் குறிப்பா போட்டிருக்கான், பாரு" என்று நீட்டினீர்கள். என் இடுப்பைத்தான் குத்திக்காட்டுகிறீர்கள் என்று நினைத்து, "அப்ப ஒல்லியா ஒருத்தியப் பாத்துக் கட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதான?" என்று கத்தினேன். நீங்கள் எழுந்து போனீர்கள். அன்றிலிருந்து பேச்சில்லை.

காலையில் அதைப் பழைய பேப்பரோடு போட எடுத்தேன். கொள்ளுக் கஞ்சிப் பக்கத்தில் உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டு மடித்து வைத்திருந்தது. வெறும் வயிற்றிலேயே சர்க்கரை இருநூற்று எண்பது. தேதி போன மாதம்.

சொல்லியிருக்கலாம்.

கஞ்சி குக்கரில் இருக்கிறது. பத்திரிகையில் போட்ட அளவுதான், உப்பு மட்டும் என் கை. அண்ணாகிராமத்திலிருந்து அத்தை அனுப்பிய முந்திரி உருண்டையைத் தேட வேண்டாம். டப்பாவோடு பக்கத்து வீட்டு ஜெயமேரி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். கேட்டாலும் தரமாட்டார். வெளியே போனால் சாவியை அவரிடமே கொடுங்கள்.

மலர்க்கொடி

மாத்திரை எழுதிக் கொடுத்தார்களா? அதை எந்தப் பக்கத்தில் ஒளித்தீர்கள்?

இன்னொன்று. நாளை காலை ஐந்தரைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கிறோம். தனியாக நடப்பவர்கள் பத்து நாளில் விட்டுவிடுவார்களாம், இருபத்திரண்டாம் பக்கத்தில் போட்டிருக்கிறது. அதனால் நானும் வருகிறேன். என் இடுப்புக்கும் நல்லதுதான். அதை மட்டும் நீங்கள் சொல்லக்கூடாது.