முந்தி வாசித்த வயலின்

ஜனவரி 9

அன்புள்ள குட்டிக்கு,

உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது என்று உன் அண்ணி கேட்கச் சொன்னாள். நானும் கேட்கிறேன். போனில் பேசலாம்தான். நான் கத்துவேன், நீ மூக்கை உறிஞ்சுவாய், விஷயம் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால் எழுதுகிறேன்.

போன வாரக் கச்சேரியைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததைப் பார்த்திருப்பாய். வயலின் பாட்டை முந்திக்கொண்டு ஓடுகிறதாம். எழுதியவனுக்குக் காது உண்டு என்று முதல் தடவையாக ஒப்புக்கொள்கிறேன். பாடுகிறவன் முன்னால் போவான், பக்கவாத்தியம் பின்னால் வரும். சின்ன வயதிலிருந்து என்னோடு வாசிக்கிற உனக்குப் போய் இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் உன் வில் கிளம்பிவிடுகிறது. கைதட்டலுக்கு அத்தனை அவசரமா?

அடுத்த மாதம் பெரிய அரங்கில் எனக்குப் பாராட்டு, கூடவே கச்சேரி. அங்கேயும் நீ ஓடினால் வேறு ஆளைத்தான் பார்க்கவேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ரயிலாக அலைந்து அலுத்துவிட்டது. இதையாவது நிம்மதியாகப் பாடவிடு.

அண்ணன்

ஜனவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

குட்டி எழுதிக்கொள்வது. ஐம்பது தாண்டியும் குட்டிதான், போகட்டும்.

நீங்கள் சொன்னது சரி. முந்தித்தான் வாசிக்கிறேன், வேண்டுமென்றேதான்.

இரண்டு வருஷமாக உங்களுக்கு வரிகள் நழுவுகின்றன, அண்ணா. ஒரு வரி முடிந்ததும் உங்கள் உதடு தயங்கும். அடுத்த வரியின் முதல் ஸ்வரத்தை நான் மெல்லத் தொட்டுவிடுவேன். அது காதில் விழுந்ததும் வார்த்தை உங்களுக்கு வந்துவிடும். முதலில் எப்போதாவது ஒருமுறை, இப்போது பாட்டுக்குப் பாட்டு. உங்களுக்கே தெரியவில்லை என்பதில் எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது.

அண்ணியிடம் மட்டும் சொன்னேன். "வீட்லயும் அப்படித்தான் இருக்கார். நீயாவது மேடையில விட்டுடாதே" என்றார். நான் விடவில்லை. ஆனால் இனி முடியவில்லை, அண்ணா. மேடையில் உட்கார்ந்து சங்கீதம் கேட்டே நாளாகிவிட்டது. உங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கழுத்து ஒரு பக்கமாகவே பிடித்துக்கொள்கிறது. நான் வயலினைப் பிடிக்கிற விதம் தப்பு என்கிறார் டாக்டர். அவரிடம் என்னத்தைச் சொல்ல?

பெரிய அரங்கில் முன்னால் தாள் வைத்துக்கொண்டு பாடுங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

உங்கள் குட்டி

ஜனவரி 21

குட்டிக்கு,

அண்ணியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாயா? பேஷ். ஒருவன் குறை சொன்னால் ஒப்புக்கொள்ளவேண்டும், அதை என் தலையில் கட்டக்கூடாது. தாளைப் பார்த்துப் பாடுவதற்கு நான் என்ன பட்ஜெட்டா வாசிக்கப்போகிறேன்?

பெரிய அரங்குக்கு வேறு வயலின் ஏற்பாடு செய்துவிட்டேன். நல்ல பெயரெடுத்தவர். பாட்டுக்குப் பின்னால் ஒழுங்காக வருவார். நீ ஓய்வெடு.

அண்ணன்

ஜனவரி 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஓய்வெடுக்கிறேன். உங்கள்மேல் கோபமில்லை என்றால் அது பொய். இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு கைதட்டலுக்காக ஓடுகிறேன் என்றா நினைத்தீர்கள்?

அது கிடக்கட்டும். என்னென்ன பாட்டு என்று புது வயலின்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நான் செய்ததை அவரையும் செய்யச் சொல்லுங்கள். உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் நானே அவரிடம் பேசுகிறேன். நீங்கள் சம்மதிக்காமல் பேசமாட்டேன். ஆயிரம் பேர் முன்னால் நீங்கள் தவித்து நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

குட்டி

பிப்ரவரி 20

அன்புள்ள குட்டிக்கு,

நீ கேட்ட ஒரு வார்த்தையை நான் எழுதவில்லை. நடந்ததை அண்ணி சொல்லியிருப்பாள். இருந்தாலும் என் வாயால் சொல்லவேண்டும்.

மூன்றாவது பாட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாடுவேன் என்று பீற்றிக்கொள்வேனே, அது. பாதி பாடியாகிவிட்டது, சரணம் வரவில்லை. தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. புதியவர் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி மரியாதையாகக் காத்திருந்தார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, நான் அப்படிப்பட்டவரைத்தானே கேட்டேன். என் பக்கம் சாய்ந்து, "நிதானமா எடுங்க சார், நான் காத்திருக்கேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பாட்டில் இப்படி ஒரு பள்ளம் இருப்பதே எனக்குத் தெரியாது. நீ அதை நிரப்பிக்கொண்டே வந்திருக்கிறாய். மறந்துவிட்டது என்று சபையிடம் சொல்லிக் கும்பிட்டுவிட்டு எழுந்தேன். எல்லோரும் நின்று கைதட்டினார்கள். அதைத்தான் தாங்கமுடியவில்லை.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. முதலிலேயே ஏதாவது ஒரு சின்ன மேடையில் என்னை விழவிட்டிருக்கலாம். கூடவே, நீ பிடித்திருந்த கையை உதறிவிட்டுப் போனது நான்தான் என்பதும் தெரிகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அண்ணி டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறாள். இனி நான் பாடுவதாக இல்லை. காலையில் எழுந்ததும் தொண்டையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அந்த அளவுக்கு நிம்மதி.

ஏப்ரலில் நாம் ஒப்புக்கொண்ட கச்சேரியை உன் தனி வயலினாக மாற்றச் சொல்லிவிட்டேன். சபா செயலாளரும் சரி என்றுவிட்டார். மாட்டேன் என்று அடம்பிடிக்காதே. உனக்குப் பிடித்ததை, பிடித்த மட்டும் வாசி.

நான் வரவில்லை. கோபத்தினால் இல்லை. முன் வரிசையில் நான் உட்கார்ந்திருந்தால் நீ என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய்.

அன்புடன்,
அண்ணன்