எண்ணெய்க் குளியலும் ஒரு கொடிக்கால் வழக்கும்

சொல்ல வெட்கமாயிருக்கிறது. நீ போய்விட்ட செய்தியைத் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தலை நிறைய அரப்பும் இடுப்பில் ஒரு துண்டுமாக நின்றுதான் படித்தேன். பத்திரிகையின் முதல் பக்கத்தில் உன் படம். துக்கம் வருவதற்கு முன்னால் என் கண் தேடியது, பாலிய நண்பன் என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்களா என்றுதான். போடவில்லை. அரப்பு கண்ணில் வழிந்து எரிந்தது. அழுகிறேன் என்று நினைத்து என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். நானும் மறுக்கவில்லை.

அந்த அரப்புதான் உன்னை டில்லிவரை அனுப்பியது என்பது என் நெடுநாள் வாதம்.

நாமக்கல்லில் எதிரெதிர் வீட்டில் பலகை மாட்டி ஈ ஓட்டிக்கொண்டிருந்த இரண்டு வக்கீல்கள் நாம். ஒரு சனிக்கிழமை, பரமத்தி வேலூரிலிருந்து வெற்றிலைக் கொடிக்கால்காரர் ஒருவர் என் வாசலுக்கு வந்தார். மேல்காட்டுக்காரன் அவர் வாய்க்காலை அடைத்துவிட்டான்.

"ஏனுங்க, வக்கீலுங்க இருக்காங்களா? திங்கக்கெழம வாய்தாங்க. தண்ணி உடலீனா என்ற கொடிக்காலு காஞ்சு போயிருமுங்க."

"எண்ணெய் தேச்சு உக்காந்திருக்காருங்க," என்றாள் என் மனைவி. "குளிச்சு வர மத்தியானமாயிருமுங்க."

அவர் திரும்பினார். எதிர்வீட்டில் நீ, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்து, "வாங்க, உள்ள வாங்க" என்றாய்.

ஜெயித்தாய். அதன்பின் உன் வாசலில்தான் வண்டிகள் நின்றன. முன்சீப் ஆனாய், ஜட்ஜ் ஆனாய். உன் எதிரிலேயே நின்று, "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று குனிந்தேன். முதுகு இன்னும் வலிக்கிறது. இதோடாவது நிறுத்தினாயா? உத்தியோகத்தை உதறிவிட்டு, கதர் கட்டி ஜெயிலுக்குப் போனாய். ஒருவன் ஜெயிலுக்குப் போனதற்காக வயிறெரிந்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிறகு டில்லியில் மந்திரி நாற்காலி.

அங்கிருந்து நம்மூர் மேடைக்கு வந்த அன்று, மாலைக் குவியலுக்கு மேலே எட்டிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்தாய். "அதோ நிக்கறான் பாருங்க! அவன் குளிச்சான், நான் பொழச்சேன்!" கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், கொஞ்சம் மெதுவாக.

நீ எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு வரிதான். கோர்ட் வராந்தாவில் புது வக்கீல்களைப் பிடித்து உட்காரவைத்து இன்றும் சொல்கிறேன்: அவன் உட்கார்ந்த நாற்காலி என்னுடையது, ஒரே குளியலில் போயிற்று.

உன்னிடம் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. அந்தக் கொடிக்கால்காரர் முந்தின நாளே கோர்ட்டில் என்னிடம் பத்திரங்களைக் காட்டியிருந்தார். புரட்டிப் பார்த்தேன், தோற்கிற கேஸ் என்று பட்டது. மறுநாள், தெருமுனையில் அவர் தலைப்பாகையைக் கண்ட பிறகுதான் எண்ணெய்க் கிண்ணத்தையே எடுத்தேன்.