பொன்னாடை இயந்திரமும் அம்மாவின் வெளிநடப்பும்

அன்பு மகள் லிசாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் இங்கே நலம், அம்மாவும் நலம்தான், ஆனால் பென்னலூரில் உன் லீலா சித்தி வீட்டில் நலம். கனடாவில் குளிர் அதிகம் என்று டிவியில் சொன்னார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ. அம்மா போனில் ஏதேதோ சொல்லியிருப்பாள், ஆகவே என் தரப்பு விளக்கத்தையும் அவைக்குறிப்பில் ஏற்றிக்கொள்.

வடக்குப்பட்டில் நான் கட்டிய பஸ் நிழற்குடையில் ஊர்ப்பெயரைவிட என் பெயர் பெரிதாக இருப்பதால், கம்பெனி பஸ்ஸில் வரும் வெளியூர்ப் பிள்ளைகள் இன்றைக்கும் ‘பெரியநாயகம் ஸ்டாப்’ என்று கேட்டுத்தான் இறங்குகிறார்கள். ஒரு எம்.எல்.ஏ.வுக்கு வேறென்ன வேண்டும்? அப்புறம் தேர்தலில் மக்கள் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள், நான் அதை ஏற்கவில்லை, கம்பெனிகளுக்குத் தண்ணீர் கேன் போட்டேன், ஷிப்டுக்கு வேன் விட்டேன், போன வருடத்திலிருந்து கண்டுபிடிப்பாளன். முதலில் செய்த மின்விசிறி ஹெல்மெட்டில் விசிறி நன்றாகத்தான் சுற்றியது. மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பையன் இசக்கிதுரைதான் “காத்து வருது அண்ணாச்சி, ஹார்ன் சத்தந்தான் கேக்க மாட்டக்கு” என்று குறை சொன்னான். எதிர்க்கட்சி புத்தி.

இப்போது செய்திருப்பது பொன்னாடை போர்த்தும் இயந்திரம். ஒரகடத்துக் கம்பெனிகளில் விருது விழா வைத்தால் போர்த்திப் போர்த்தியே மேனேஜர்களுக்குக் கை வலிக்கிறதாம். ஆள் வந்து நின்றால் போதும், இரும்புக் கை துணிச் சுருளோடு ஒரு சுற்றுச் சுற்றிப் போர்த்தி, துணியை வெட்டிவிட்டு நிற்கும். அதற்கு மோட்டார் வேண்டியிருந்தது, வீட்டுக் கிரைண்டரில் ஒன்று சும்மா கிடந்தது. சும்மா என்றால், அப்போது அம்மா மாவு அரைக்கவில்லை.

அறிமுக விழாவில் முதல் பொன்னாடை அம்மாவுக்குத்தான் என்று அறிவித்து மேடையேற்றினேன். இயந்திரம் போர்த்தியது, மறுபடியும் போர்த்தியது, கிரைண்டர் மோட்டாருக்கு நிற்கத் தெரியுமா? கழுத்திலிருந்து முழங்கால் வரை அம்மா துணிக்குள் போய்விட்டாள். கூடுதல் மரியாதை என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது, கூட்டம் தட்டும்போது சும்மா இருந்து பழக்கமில்லாததால் நானும் தட்டினேன். யாரோ வயரைப் பிடுங்கினார்கள். அம்மா துணியைப் பிரித்துப் போட்டுவிட்டு, மைக் பக்கத்திலேயே, “ஊர்ல கீற அத்தினி பேருக்கும் உங்க கையால போர்த்துனீங்க, எனக்கு மட்டும் இன்னாத்துக்கு மிஷினு?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனவள்தான். சட்டமன்றத்தில் எத்தனையோ வெளிநடப்பு பார்த்திருக்கிறேன், எல்லோரும் கேன்டீனில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள்.

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது உண்மைதான். ஒரு தடவைகூட அவளுக்கு நான் போர்த்தியதில்லை, தோன்றியதே இல்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது, சாப்பிட உட்கார்ந்தால் இறங்கவில்லை, அவள் வராமலே போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது லிசா. நேற்று பென்னலூர் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். அவ்வளவு மேடையில் பேசியிருக்கிறேன், அத்தனையும் உதவியாளர் தமிழ்வாணன் எழுதிக் கொடுத்தது. இதை அவனிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் மாதா துணையிருக்கட்டும், நல்லபடியாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே, அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க நாலு வரி எழுதி அனுப்பு. எழுத்து பெரிதாக இருக்கட்டும், அவள் முன்னால் நிற்கும்போது கண் கலங்கினாலும் படிக்க வரவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
பெரியநாயகம்