பின்சுவர் மண்

4.8.2024, ஞாயிறு

ரெம்பியாவில் பழைய பேட்டரிக் கம்பெனி நிலத்தில் இன்று மூன்றாவது கோத்தோங் ரோயோங், ஊர் கூடித் தோட்டம் போடும் வேலை. முப்பத்தொரு பேர் வந்தார்கள். வேலை செய்தது பதினைந்து பேர். மற்றவர்கள் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்துக்கு. பரவாயில்லை, தோட்டக்குழுத் தலைவர் என்றால் எல்லாரையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும். முன்பக்கம் லாரியில் வந்த புது மண்ணில் கீரைப் பாத்தி போட்டாயிற்று. பின்சுவர் ஓரம் மண்வெட்டி வைத்தால் கறுப்பு பிளாஸ்டிக் துண்டுகள்தான் வருகின்றன.

நான்கு மூலையிலிருந்தும் மண் எடுத்துப் பரிசோதனைக்குத் தரச் சொல்லி நகராண்மைக் கழகம் பை கொடுத்திருக்கிறது. நான்கையும் முன்பக்கத்திலேயே நிரப்பினேன். நாகமுத்து பார்த்துவிட்டான். "அண்ணே, பின்னாலயும் கொஞ்சம் எடுங்கலா," என்றான். இதே கம்பெனியில் நான்கு வருடம் லாரி பேட்டரி உடைத்தவன் அவன். மூடிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, மழை கழுவாததா? அடுத்த மாதம் திறப்பு விழா. எதையாவது சொல்லி நிறுத்திவிட்டால் இத்தனை பேர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

19.8.2024

மகள் ராகினி வந்துவிட்டாள். ஐந்தாம் மாதம். மாப்பிள்ளை ஜொகூரிலிருந்து கொண்டுவந்து விட்டுப் போனார். ஆறு வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை. வீட்டில் என் மனைவி நிர்மலாவின் குரல்கூடத் தணிந்துவிட்டது.

22.8.2024

மண் பரிசோதனை முடிவு: குறை ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் உறை போட்டுத் தோட்ட வாசலில் மாட்டினேன். நாகமுத்து நின்று படித்தான். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

25.8.2024, ஞாயிறு

மழை விட்டதும் ராகினி ஜன்னலோரம் நின்று மூச்சை இழுத்தாள். "ப்பா, மண்ணு தின்னணும் போல இருக்கு. சிரிக்காதீங்க."

நிர்மலா திட்டுவாள் என்று பார்த்தால், "இவ வயித்துல இருந்தப்ப நான் அடுப்புச் சாம்பல் தின்னேன். மசக்கைக்காரி கேட்டத இல்லைன்னு சொல்லக்கூடாதுங்க," என்கிறாள்.

முன்பக்க மண்ணில் கோழி எரு கலந்திருக்கிறது, நாற்றம். பின்சுவர் ஓரம் புல்கூட முளைக்காத சுத்தமான செம்மண். அதைச் சலித்து, வாணலியில் வறுத்து, மைலோ டின்னில் போட்டுக் கொடுத்தேன். அதுதான் பரிசோதனைத் தாள் இருக்கிறதே.

ஒரு கிள்ளு வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "இனிக்குதுப்பா," என்றாள்.

11.9.2024

மூன்றாவது டின். நேற்று மூட மறந்திருக்கிறாள். எங்கள் சமையலறையில் எறும்பு மொய்க்காத பொருள் கிடையாது. அந்த டின்னைச் சுற்றி ஒன்றுகூட இல்லை.

15.9.2024, ஞாயிறு

திறப்பு விழா. மாலை, பொன்னாடை, என் பேச்சு இருபது நிமிடம். கீரைக் கூட்டோடு சாப்பாடு. நாகமுத்து மட்டும் இலையில் உட்காரவில்லை, வயிறு சரியில்லையாம். பின்சுவர் ஓரம் நட்ட முருங்கைக் கன்று பட்டுப்போய்விட்டது.

30.9.2024

ராகினிக்கு வயிற்றைப் பிசைகிறது. தலைவலி. முகம் வெளுத்துக் கிடக்கிறது. கிளினிக்கில் ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். டின்னைப் பற்றி நாங்கள் சொல்லவில்லை. டாக்டரிடம் சொல்கிற விஷயமா அது?

6.10.2024, ஞாயிறு

கடையில் நாகமுத்துவோடு தேநீர். பேச்சுவாக்கில், "என் மகளுக்கு நம்ம தோட்டத்து மண்ணு இனிக்குதாம்," என்று சிரித்தேன். அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"எந்த மண்ணுண்ணே?"

"பின்சுவர் ஓரம்."

"அங்கதாண்ணே பேட்டரி உடைச்சோம். தூசி உதட்டுல பட்டா இனிக்கும். ஈயம்ணே அது. எங்களுக்கு மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பாப்பாங்க."

"ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"பின்னாலயும் எடுங்கன்னு சொன்னேனே. பேப்பர்ல நல்லா இருக்குன்னு போட்டிருந்துச்சு. அதுக்கு மேல நான் என்னண்ணே பேசுறது?"

வீட்டுக்கு ஓடினேன். ராகினி மடியில் டின்னை வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பிடுங்கினேன். என் மகள் என்னைப் பார்த்துப் பயந்தது இதுதான் முதல் தடவை.

என்ன செஞ்சிட்டேன் — சலிச்சு, வறுத்து — என் கையாலதானே குடுத்தேன். சாமி, என் கையாலதானே.

9.10.2024

பெரிய ஆஸ்பத்திரி. ரத்தத்தில் ஈயம் மிக அதிகம். பிள்ளைக்கும் போயிருக்கும். எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டதும் ராகினி முந்திக்கொண்டு, "நானாதான் எடுத்துத் தின்னேன்," என்றாள். நான் டின்னை எடுத்து மேசைமேல் வைத்தேன். நான்கு பையையும் முன்பக்க மண்ணாலேயே நிரப்பியதையும் சேர்த்துச் சொன்னேன். நிர்மலா என் பக்கம் திரும்பவில்லை.

10.10.2024

நகராண்மைக் கழகத்துக்கு என் கைப்படக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். மாலைக்குள் தோட்டத்துக் கேட்டில் பூட்டு. கீரை சாப்பிட்ட குடும்பங்களின் வாசலில் போய் நின்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

27.11.2024

பெண் குழந்தை. நாள் நிறையவில்லை, இரண்டு கிலோவுக்கும் கீழே. காது எப்படி, மூளை வளர்ச்சி எப்படி, எல்லாம் போகப் போகத்தான் தெரியுமாம். மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ராகினி என்னிடம் பழையபடிதான் பேசுகிறாள். அதுதான் தாங்கவில்லை. "தூக்குறீங்களாப்பா?" என்று துணியோடு நீட்டினாள். பிறகு மெதுவாக, "கை கழுவிட்டு வாங்க," என்றாள். வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்வதுதான்.

அந்த மண்ணைத் தொட்டு ஏழு வாரத்துக்கு மேல் ஆகிறது. குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் கழுவினேன். நகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கழுவினேன். பார்வை நேரம் முடிந்தது என்று தாதி வந்து சொன்னபோதும் குழாயடியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.