சுண்ணாம்பு வாசம்

9 மே 1978

வாய்க்காலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். தீபாவளி இல்லை, கோயில் திருவிழாவும் இல்லை. இந்தத் தேயிலை எஸ்டேட்டில் சுண்ணாம்பு வாசம் வந்தால் யாரோ பெரிய ஆள் வருகிறான். வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து இப்படித்தான்.

நான் சொல்லச் சொல்ல நவமணி எழுதுகிறாள். என் பெண்டாட்டி, மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எனக்குக் கைநாட்டுதான். நடந்ததைச் சொன்னால் கிழவன் கதை விடுகிறான் என்கிறார்கள். எழுத்தில் இருந்தால் நம்புவார்கள்.

10 மே

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி நாகரத்தினம் எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொன்னாராம். மகன் சிவசாமி ஃபேக்டரிக்குப் போகும் முன்னால் வந்து சொன்னான். மலைக்குக் கீழே காலராவாம். கடை, ஃபேக்டரி, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு, எல்லாவற்றையும் கவர்மெண்டு பார்க்குமாம். ஒருத்தருக்கு வந்தாலும் அந்த இடத்தைப் பூட்டிவிடுவானாம்.

பூட்டினால் சம்பளம்? அதைக் கிராணி சொல்லவில்லை.

11 மே

ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தான். கார்த்திகேசு என்று பெயர். சின்ன வயசு, கழுத்துப்பட்டை, பளபளன்னு சப்பாத்து. கிராணி குடை பிடிக்காத குறை.

தண்ணீரைப் போத்தலில் பிடித்தான். எங்கே? ஆபீஸ் குழாயில். அந்தக் குழாய் மேனேஜர் பங்களாத் தொட்டியிலிருந்து வருகிறது. குழாய்க்குப் பள்ளம் வெட்டியவன் நான். லைன் வீட்டுக்கு வருவது வேறே தொட்டி, தவளை கிடக்கிற தொட்டி. ஆபீஸில் பிடித்துவிட்டு லைன் தண்ணி சுத்தம் என்று எழுதுவானோ?

வருகிறேன் என்று முன்னாடியே சொல்லியனுப்பியவன் யார்? இவனேதானே. இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள்.

12 மே

தொட்டியில் வெள்ளைப் பொடி கொட்டிவிட்டுப் போனார்கள். தண்ணீர் ஒரே நாற்றம். சோற்றில் நாற்றம், தேத்தண்ணியில் நாற்றம். என்ன பொடி, யார் கொடுத்தது, ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் "கவர்மெண்டு மருந்து லா, குடிங்க" என்கிறார் கிராணி. அவர் குடித்தாரா?

குடத்தைக் கவிழ்த்துவிட்டேன்.

13 மே

பழைய ஊற்றுக்குப் போனேன். மலைச்சரிவில் பாறைக்கு அடியில் இருக்கிறது. வாலிபத்திலிருந்து குடிக்கிற தண்ணீர், ஐஸ் மாதிரி. மேல் பக்கம் யாரோ புதிதாகக் கோஸ் தோட்டம் போட்டு, ஆள் தங்கக் கொங்சிக் கொட்டகையும் கட்டியிருக்கிறான்.

நவமணி கேட்டாள், "அவ்வளவு தூரம் குடம் தூக்கணுமா? கொதிக்க வச்சா வாசம் போயிரும்ங்க." வாசம் போகும், பொடி போகுமா? பக்கத்து வீட்டு ரஞ்சிதத்துக்கும் ஒரு வாளி கொடுத்தேன். பச்சைத் தண்ணியாகவே குடிக்கலாம், அத்தனை ருசி என்றேன்.

16 மே

ஊற்றுத் தண்ணீர்தான். எல்லாரும் நலம்.

19 மே

இன்றைக்கு நான் சொல்லச் சிவசாமி எழுதுகிறான். கோணல் எழுத்து.

விடியும் முன்னால் நவமணிக்கு வயிறு போக ஆரம்பித்தது. கஞ்சித்தண்ணி மாதிரி, நிக்கவே இல்ல. வாந்தி. கால் நரம்பு இழுக்குதுன்னு கத்துறா. கண்ணு உள்ளே போயிருச்சு. ஒரு நாளையில மனுஷிக்கு இப்படியா ஆகும்?

சிவசாமி சொன்னான், "அப்பா, வெளிய சொல்லாதீங்க. ஃபேக்டரிய மூடிட்டான்னா லைன் முழுக்க நம்மளத்தான் திட்டும்." பெத்த தாய் தரையில கிடக்கிறா, இவனுக்கு ஃபேக்டரி. (எழுதுடா, அப்படியே எழுது.)

எனக்கும் ஆஸ்பத்திரி என்றால் பயம்தான். ஜப்பான்காரன் காலத்தில் என் அண்ணன் செல்லையாவுக்கு இதே மாதிரி. ஆஸ்பத்திரி என்று சொல்லித்தான் லோரியில் ஏற்றினார்கள். லோரி திரும்பி வந்தது. பலகையில் அவன் உட்கார்ந்த இடம் ஈரமாகவே இருந்தது. அவன் வரவில்லை. அவனை எங்கே புதைத்தார்கள் என்று இன்றைக்கு வரை ஒருத்தனும் எனக்குச் சொல்லவில்லை.

யாரிடம் போவேன்? பொய்த்தண்ணி பிடித்த இன்ஸ்பெக்டரிடமா?

அப்போதுதான் கிராணி வந்தார். லைனுக்குள்ளே கால் வைக்காத மனுஷன். கையில் ஒரு டின் மைலோ மாவு.

"முருகையா, கிழவிக்கு ஒத்துக்காதது எதையோ தின்னிருப்பா. கஞ்சி குடு, வீட்டுலயே வச்சுக்க. இன்ஸ்பெக்டர் கேட்டா காய்ச்சல்னு சொல்லு, என்னா?"

போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் அந்த டின்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதல் குழந்தை செத்தபோது அரை நாள் லீவு தராத மனுஷன் இவர். வெறுங்காலோடு நான் மலை ஏறியபோது ஒரு சாக்குத் துண்டு தராதவர். இன்றைக்கு மைலோ தருகிறார், தோளைத் தட்டுகிறார். இவர் இவ்வளவு ஆசையாக வீட்டில் வைத்துக்கொள் என்கிறார் என்றால் வைத்துக்கொள்ளக் கூடாது.

இன்ஸ்பெக்டரை நம்பி இல்லை. கிராணியை நம்பாமல்தான் கிளம்பினேன்.

"டேய், அம்மாவத் தூக்குடா" என்றேன். சிவசாமி என் முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து தூக்கினான். ரோட்டில் கோலா தெர்லா ஊரிலிருந்து வந்த காய்கறி லோரியை மறித்தேன். முட்டைக்கோஸ் மூட்டைக்கு நடுவில் படுக்க வைத்தோம். திரும்பவும் லோரி. அவள் கையை நான் விடவில்லை.

20 மே

ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் ஊசி ஏற்றித் தண்ணீர் இறக்குகிறார்கள். உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூச்சு இருக்கிறது. போர்வை ஏறி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

காலராதானாம். இன்ஸ்பெக்டர் கார்த்திகேசு வந்து கேட்டான், "ஐயா, அம்மா எந்தத் தண்ணி குடிச்சவ?"

ஊற்றைச் சொன்னேன். அது சுத்தம் என்றும் சொன்னேன். "நீ ஆபீஸ் குழாயில பிடிச்சியே, அது எங்க தண்ணியே இல்ல. தெரியுமா?" என்றும் கேட்டுவிட்டேன்.

அவன் முகம் மாறியது. "எல்லாம் ஒரே தொட்டிதான் எண்டு கிராணி சொன்னார்."

"சொன்னா நம்பிருவியா? அப்புறம் உனக்கு எதுக்குப் போத்தலு?"

கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை. மெதுவாகக் கேட்டான்: "அந்தப் பொடி கிருமியைக் கொல்லுற மருந்து, ஐயா. ஊற்றுக்கு மேலே யாரும் இருக்கினமோ?"

கோஸ் தோட்டம். கொங்சி. கொங்சி என்றால் கக்கூஸ் இருக்குமே.

பார்த்துக்கொண்டேதானே குடம் மொண்டேன்?

21 மே

இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வந்தான். சுண்ணாம்பு இல்லை. கிராணி சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். இந்த முறை லைன் குழாய் ஒவ்வொன்றிலும் போத்தல் பிடித்தான், ஊற்றிலும் பிடித்தான். ஊற்றுக்குப் போகிற வழியில் கம்பி கட்டினான்.

ஃபேக்டரியைப் பூட்டிவிட்டான். லைனைவிட்டு யாரும் வெளியே போகக் கூடாதாம்.

ரஞ்சிதம் வாசலில் நின்று ஊர் கேட்கக் கத்தினாள்: "ஒங்க பொண்டாட்டிக்கு வயிறு போச்சுன்னா எங்க வயித்துல எதுக்கு மாமா அடிக்கிறீங்க?"

அவள் வீட்டிலும் அதே தண்ணிதானே. நான் கொடுத்த தண்ணி. நேற்று ராத்திரி நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து அவள் புருஷன் ராஜுவைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். தூங்குகிறான் என்றாள்.

பகலில் தூங்குகிற ஆளா ராஜு?

நானே போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

22 மே

ராஜுவை ஆஸ்பத்திரி வேனில் ஏற்றினார்கள். இரண்டு நாளாக ஒளித்து வைத்திருந்தாளாம்.

சாயங்காலம் ரஞ்சிதம் வந்தாள். நிச்சயமாகத் திட்டத்தான் வருகிறாள் என்று எழுந்து நின்றேன்.

"மாமா, ஆஸ்பத்திரிக்குத் துணி குடுத்து விடலாமா? உள்ள வாங்குவானா?"

கொடுத்து விடலாம் என்றேன். போர்வையும் கொடு, அங்கே குளிர் என்றேன்.

25 மே

ராஜு பிழைத்துவிட்டானாம். நவமணி கஞ்சி குடித்தாளாம். "இதுலயும் உப்பு இல்ல" என்று குறை சொன்னாளாம்.

சிவசாமி இதை எழுதும்போது சிரித்தான்.

2 ஜூன்

லோரி போனது போலவே திரும்பி வந்தது. இந்த முறை அவள் அதில் இருந்தாள்.

11 ஜூன்

நவமணி எழுதுகிறாள். உடம்பில் இன்னும் தெம்பு இல்லையாம், சின்னதாகச் சொல்லச் சொல்கிறாள். சிவசாமி எழுதிய பக்கங்களைப் படித்துவிட்டு, "என்னைக் கிழவின்னு கிராணி சொன்னதையெல்லாமா எழுதி வைப்பீங்க?" என்றாள்.

ஃபேக்டரி திறந்துவிட்டது. பூட்டிய நாளுக்குப் பாதிச் சம்பளம் என்கிறார்கள். மீதிப் பாதி எங்கே? யூனியனில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். மைலோ டின் இன்னும் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன்.

18 ஜூன்

வாய்க்காலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறான் என்று கிராணிக்கு யாரோ சொன்னார்களாம்.

அவன் நேற்றே வந்துவிட்டுப் போய்விட்டான். எங்கள் வீட்டு வாசலில் நின்று குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனான். வந்தது கிராணிக்குத் தெரியக் கூடாது என்று அவன் என்னிடம் சொல்லவில்லை. ஆனாலும் கிராணியிடம் நான் சொல்லப் போவதில்லை.

அவனையும் நம்பிவிடவில்லை. இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

தொட்டித் தண்ணியைக் கொதிக்க வைத்து, ஆற வைத்துக் கொடுக்கிறேன். நாற்றம் இருக்கத்தான் செய்கிறது. முதலில் நான் ஒரு வாய் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து பார்த்துவிட்டுத்தான் நவமணியிடம் தருவது.

"எனக்குத் தாகமா இருக்குங்க, எவ்வளவு நேரம்தான் அதையே பாத்துக்கிட்டு இருப்பீங்க?" என்கிறாள்.

இன்னும் கொஞ்சம் பொறு என்கிறேன்.