வியாழக்கிழமை நட்ட கன்றுகள்

அக்ரா, ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? போனில் பேசினால் நீ கத்துவாய், அதனால் எழுதுகிறேன். பதிமூன்றாம் தேதி எங்கள் சாக்லேட் கம்பெனியின் பெரியவர்கள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வருகிறார்கள். நம் கோகோ தோட்டத்தில் நிழல்மரக் கன்றுகள் நடப்போகிறார்கள். காட்டைக் காப்பாற்றும் கம்பெனி என்று ஊர் உலகத்துக்குக் காட்ட வேண்டுமாம். நிகழ்ச்சி நன்றாக நடந்தால் எனக்கு ஆம்ஸ்டர்டாமிலேயே வேலை. ஊர் கோகோ விவசாயிகள் சங்கத் தலைவி நீதானே, எல்லோரையும் மண்வெட்டியோடு வரச்சொல்.

உன் தம்பி
அசியேது

பெபோசோ, ஜூன் 7

தம்பிக்கு,

நலம். நீ அனுப்பிய அரிசி வந்தது. பதிமூன்றாம் தேதி வியாழக்கிழமை. பூமித்தாய் ஓய்வெடுக்கும் நாளில் இங்கே யாரும் மண்ணைத் தொடமாட்டோம் என்பது அக்ரா போனதும் மறந்துவிட்டதா? வெள்ளிக்கிழமைக்கு மாற்று. ஊரே வரும். நிழல்மரம் வேண்டுமென்று நாலு வருஷமாக உங்கள் கம்பெனியைக் கேட்பவளே நான்தான். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா
போத்தமா

அக்ரா, ஜூன் 10

அக்கா,

வெள்ளிக்கிழமை அவர்களுக்கு விமானம். மாற்ற முடியாது. நீங்கள் வராவிட்டாலும் நடத்திவிடுவேன். கோபித்துக்கொள்ளாதே.

அசியேது

பெபோசோ, ஜூன் 17

தம்பிக்கு,

வேலைக்கு வரவில்லையே தவிர, உன் விருந்தாளிகளை ஃபூஃபூ போடாமல் அனுப்பவில்லை. அந்த வெள்ளைக்காரம்மா கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நல்ல மனுஷி.

நீ போனதும் ஊர்த்தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "வியாழக்கெழம மண்ணக் கிளறினா ஒரு செம்மறியாடு குடுக்கணும்னு உன் தம்பிக்குத் தெரியாதா? இல்ல, ஆட்டையும் ஆம்ஸ்டர்டாமுக்கு ஓட்டிட்டுப் போயிட்டானா?" என்றார். ஆட்டை நான் கொடுத்துவிட்டேன். அது போகட்டும்.

வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குப் போனோம். கன்றுகளைக் கறுப்பு பிளாஸ்டிக் பையோடேயே புதைத்திருக்கிறீர்கள். வேர் எங்கே போகும்? வந்தவர்களுக்குத் தெரியாது, சரி. கோகோ தோட்டத்தில் பிறந்த நீ, போட்டோ கெட்டுவிடுமே என்று பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றாயே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

எல்லாவற்றையும் தோண்டி, பையைக் கிழித்து, திரும்ப நட்டுவிட்டோம். பிழைத்துக்கொள்ளும். நீ நட்ட கன்றை மட்டும் யாரையும் தொட விடவில்லை. பையோடுதான் நிற்கிறது.

அக்கா
போத்தமா

அக்ரா, ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

பைகளைப் பற்றிப் பெரியவர்களுக்கு எழுதிவிட்டேன். நட்ட மரத்தை எண்ண வேண்டாம், அடுத்த வருஷமும் உயிரோடு நிற்கும் மரத்தை எண்ணுவோம், இனி நடும் நாளை ஊர்க்காரர்களே குறிக்கட்டும் என்றும் எழுதினேன். வெள்ளைக்காரம்மா சரி என்கிறாள். மற்றவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் இனி கிடைக்குமோ கிடைக்காதோ, எனக்கு அந்தக் கவலை இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வருகிறேன். உன் ஆட்டுக்குப் பதில் ஆடு கொண்டுவருகிறேன். என் கன்றுக்கு அதுவரை தண்ணீர் மட்டும் ஊற்று.

உன் தம்பி
அசியேது